மலையை யார் சார் வென்றது?

சில வருடங்களுக்கு முன் இமாச்சலத்தில் ஹம்ப்தா கணவாயைக் கடந்து வந்தேன். கிட்டத்தட்ட 4,270 மீட்டர் உயரம். கையை விரித்து நிற்கும் ஒரு படத்தின் கீழே ‘வென்றேன்’ என்று எழுதிப் போட்டேன். லைக்குகள் குவிந்தன. அதே கணவாய் வழியாக மலை மேய்ப்பர்கள் வருடா வருடம் ஆட்டு மந்தையோடு போய் வருகிறார்கள். என் பையைச் சுமந்தது ஒரு கோவேறு கழுதை. அதை ஓட்டி வந்தவர் தினமும் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்து, கூடாரம் அடித்து, டீ போட்டு வைத்திருந்தார். அவர் பெயர் இன்று எனக்கு ஞாபகமில்லை. அப்படியென்றால் நான் எதை வென்றேன்?

அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

மலையேறிகளின் வாழ்க்கைக் கதைகளை விழுந்து விழுந்து படித்தவன் நான். அவற்றில் நண்பனின் மரணத்துக்கு ஒரு அத்தியாயம் இருக்கும், உச்சியில் பார்த்த விடியலுக்கு ஒரு பக்கம் இருக்கும். சுமை தூக்கியவர்கள் பெரும்பாலும் வெறும் எண்ணிக்கையாக வந்துபோவார்கள். கையிலிருந்து காசு போட்டு ஆயுள் முழுக்க மலைமலையாகத் திரிந்தால் அது ‘சாகச வாழ்க்கை’. கூலி வாங்கிக்கொண்டு அதே மலைகளில் ஆயுள் முழுக்கத் திரிந்தால் அது ‘உதவி’. என்ன நியாயம் இது?

டென்சிங் நோர்கேயையே எடுத்துக்கொள்வோம். 1935-இல் எரிக் ஷிப்டனின் குழுவில் சுமைதூக்கியாக எவரெஸ்ட் பக்கம் போனவர். திபெத், சித்ரால், கார்வால், நங்க பர்பத் என்று அவர் கால் படாத இடம் குறைவு. 1952-இல் சுவிஸ்காரர் ரேமண்ட் லாம்பேருடன் ஏறக்குறைய 8,600 மீட்டர் வரை போய்த் திரும்பினார். 1953 மே 29 அன்று உச்சியைத் தொட்டது அவருடைய ஏழாவது எவரெஸ்ட் பயணத்தில். ஹிலாரிக்கும் குழுத்தலைவர் ஜான் ஹண்ட்டுக்கும் ‘சர்’ பட்டம். டென்சிங்குக்கு ஜார்ஜ் பதக்கம். பல மொழிகள் பேசிய அந்த மனிதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல இன்னொருவர்தான் அவருடைய வாழ்க்கையை எழுதினார். அவரிடம் உலகம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வியோ, “முதலில் கால் வைத்தது யார்?” என்பதுதான்.

“அதெல்லாம் பழைய கதை பாஸ்” என்பீர்கள். 2014 ஏப்ரல் 18 அன்று கும்பு பனியருவியில் பனிச்சரிவு விழுந்து 16 நேபாளத் தொழிலாளர்கள் இறந்தார்கள். மேலே வரப்போகிறவர்களுக்காகச் சுமை கொண்டுபோகிற வேலை அது. குடும்பங்களுக்கு உடனடி உதவியாக அரசு முதலில் அறிவித்தது 40,000 நேபாள ரூபாய், சுமார் 400 டாலர். அடுத்த வருடம் ஒரு வெளிநாட்டவர் எவரெஸ்ட் ஏற அதே அரசு வாங்கிய அனுமதிக் கட்டணம் 11,000 டாலர். இப்போது அது 15,000.

“அவர்களுக்கும் அதுதானே பிழைப்பு? விருப்பப்பட்டுத்தானே வருகிறார்கள்?” நியாயமான கேள்விதான். மலையேற்றத்தை நிறுத்தச் சொல்லவில்லை நான். தொழிலில் அவர்களுக்கு இருக்கும் பெருமிதத்தைப் பரிதாபமாக மாற்றவும் விருப்பமில்லை. காமி ரீட்டா ஷெர்பா 1994-இல் தொடங்கி 2025-க்குள் 31 முறை எவரெஸ்ட் உச்சிக்குப் போனவர். அவருக்குத் தேவை நம் இரக்கமில்லை. கயிற்றைக் கட்டியவர் ஒருவர், அதைப் பிடித்து ஏறியவர் இன்னொருவர் என்றால், கதையில் இரண்டு பேரும் இருக்க வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

வேறு மாதிரியும் மலை ஏறியிருக்கிறார்கள். 1955-இல் காஞ்சன்ஜங்காவில் முதன்முதலில் ஏறிய ஜோ பிரவுனும் ஜார்ஜ் பாண்டும் உச்சிக்குச் சில அடி கீழேயே நின்றுவிட்டார்கள். சிக்கிம் மக்களுக்கு அது புனித மலை, உச்சியை மிதிக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். அதனால் அவர்களுடைய சாதனை ஒரு அடிகூடக் குறைந்துவிடவில்லை.

அடுத்த முறை யாராவது ‘சிகரத்தை வென்றார்’ என்று எழுதினால், கயிறு கட்டியது யார், சோறு ஆக்கியது யார் என்று கேளுங்கள். என் பழைய படத்தில் ‘வென்றேன்’ என்பதை அழித்துவிட்டேன். அந்த இடத்தில் ஒரு பெயரை எழுத வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஐந்து நாள் இருந்தது, ஒருமுறைகூடக் கேட்கவில்லை.