பாடகரின் கூலியும் நமது தருமமும்

பந்தல்காரருக்குப் பணம் உண்டு. ஒலிபெருக்கி வைத்தவருக்கும், ஜெனரேட்டர் கொண்டு வந்தவருக்கும், சுவரொட்டி அச்சிட்ட அச்சகத்தாருக்கும் பணம் உண்டு. விருந்தினருக்கு நெய்ச்சோறு ஆக்கிய பண்டாரிக்கும் உண்டு. மேடையேறித் தொண்டை வறள மூன்று மணி நேரம் பாடியவரையும், அவர் அருகே அமர்ந்து டோலக் வாசித்தவரையும் மட்டும், ‘உங்களுக்கு அல்லாஹ்விடத்தில் நன்மை இருக்கிறது’ என்று முஸாஃபஹா செய்து அனுப்பிவிடுகிறோம். துயர்துடைப்பு நிதிக்கென நடத்தப்பெறும் இசை நிகழ்ச்சிகளில் நம்மவர் கைக்கொள்ளும் இவ்வழக்கம் அறமன்று என்பதே நமது வாதம்.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் நின்று இதனைச் சிந்திப்பது பொருத்தமாகும். ஏரியும் கடலும் தருவதை நம்பி வாழும் இங்குள்ள மீனவக் குப்பங்கள் 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையால் அடிபட்டன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் அல்லலுற்றன. வலையிழந்தவனுக்கு வலை வாங்கித் தர நிதி திரட்டுவது கடமை. அதற்குப் பாட்டு ஒரு வழியென்றால் இருக்கட்டும். ஆனால் இம்மக்கள் தம் தொழிலை எங்ஙனம் பகிர்ந்துகொள்கின்றனர் என்பதை நிதி திரட்டுவோர் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். ஏரியில் இறால் படும் இடங்களைப் ‘பாடு’ என்பர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊரார் அப்பாடுகளைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துக்கொள்வர். இன்று இவர் முறை. நாளை அவர் முறை. கடற்றொழிலிலோ படகுக்கும் வலைக்கும் பங்கு பிரிவது போலவே இழுத்த கைகளுக்கும் பங்கு பிரியும். துடுப்புப் போட்டவனை நன்மையை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு போகச் சொல்வதில்லை. மீனவருக்குப் பாடு என்பது பிழைப்பு. நமக்கோ ‘பாடு’ என்பது வெறும் ஏவல் வினையாகிவிட்டது!

இசை கூடுமா கூடாதா என்னும் வழக்கை ஈண்டு நாம் தொடவில்லை. கூடாது என்று கொள்வோர் நிகழ்ச்சியே வைக்கமாட்டார். அவரோடு நமக்குப் பூசலில்லை. பாடகரைத் தேடிச் சென்று, தேதி வாங்கி, அவர் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டுக் கூட்டமும் சேர்த்த பிறகு, கூலிப் பேச்சு எழுந்ததும், ‘பாட்டுக்குக் காசு வாங்கலாமா ஹஜ்ரத்?’ என்று ஃபத்வா கேட்க வருகிறார்களே, அவர்களோடுதான் பூசல். பாட்டு ஆகும், பாட்டுக்குக் கூலி ஆகாது என்னும் மத்ஹபை எந்தக் கிதாபிலும் நாம் ஓதியதில்லை. (நாகரிகம் கருதிச் சன்மானம் என்பாரும் உளர். கூலி என்றே நாம் சொல்வோம். வியர்வை உலருமுன் கொடுக்குமாறு பெருமானார் (ஸல்) பணித்தது கூலியைத்தான். அச்சொல்லில் இழிவு ஏதுமில்லை.)

ஸகாத்துப் பெறுவோர் எண்வகையினர் எனத் தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் வகுக்கிறது. அவருள் ஒருவகையினர் அதனைத் திரட்டும் பணியாளர். ஏழையின் பங்கு குறைந்துவிடுமே என்று இறைவன் அவர்களை விட்டுவிடவில்லை. ஏழைக்குரிய அப்பொருளிலிருந்தே திரட்டியவனுக்கும் கொடுக்கச் சொன்னான். ஸகாத்தின் சட்டத்தை அப்படியே கச்சேரிக்குப் பொருத்த வரவில்லை நாம். உழைப்பை மார்க்கம் எந்தக் கண்கொண்டு பார்க்கிறது என்பதையே காட்டுகிறோம். தம் குரலால் கூட்டத்தைக் கூட்டி உண்டியலை நிரப்பித் தருபவரும் திரட்டுபவர்தாமே?

ஓதிக்கொடுக்கும் நம் போன்றாரின் கதையும் இதுவே. குர்ஆன் ஓதிக்கொடுப்பதற்குக் கூலி வாங்கலாகாது என்றனர் முற்கால ஹனஃபி இமாம்கள். பைத்துல்மாலிலிருந்து ஆசிரியருக்கு வந்த மானியம் நின்றது. ஆசிரியர் பிழைப்புத் தேடிப் போய்விட்டால் ஓதலே அழிந்துபோகும் எனக் கண்ட பிற்கால இமாம்கள் கூலியை அனுமதித்தனர். ஷாஃபி மத்ஹபோ முன்பே அனுமதித்திருந்தது. மாதம் பிறந்ததும் சம்பளத்துக்காக முத்தவல்லியின் முகம் பார்க்கும் நாம், அரிசிக்கும் வீட்டு வாடகைக்கும் பாட்டையே நம்பியிருக்கும் ஒருவரைப் பார்த்து, ‘இறைவனுக்காக இலவசமாகப் பாடுங்கள்’ என்று சொல்ல நாக்கூச வேண்டாமா? ரமளான் இரவுகளில் தாயிரா தட்டிச் சஹருக்கு எழுப்பிய பக்கீருக்குப் பெருநாளன்று கொடுப்பதை நம் முன்னோர் பிச்சையாகக் கருதவில்லை. அவருக்கென்று முந்தானையில் காசு முடிந்துவைத்த மூதாட்டியருக்குத் தெரிந்த நியாயம் நமது நிதிக் குழுக்களுக்குத் தெரியவில்லை.

‘அவரே மனமுவந்துதானே பாடினார்?’ என்பர். ஜமாஅத்தார் பத்துப்பேர் ஒன்றாக வீடேறிச் சென்று, மனைவி மக்கள் கேட்டிருக்க, ‘வலையிழந்த ஏழைகளுக்காகக் கேட்கிறோம்’ என்றால் எவர்தாம் மறுப்பார்? மறுத்தால் கல்நெஞ்சர் என்ற பெயரல்லவா கிடைக்கும்? வெட்கத்துக்கு ஆளாக்கி வாங்கிய பொருளைப் பறித்தெடுத்த பொருளோடு வைத்து எண்ணுகின்றனர் ஃபிக்ஹு அறிஞர். தன் பொருளைத் தான் கொடுப்பது தருமம். பிறர் உழைப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு மறுநாள் நாளிதழில் நம் படத்தைத் தேடுவதற்கு வேறு பெயர் உண்டு. பாடகருக்காவது கைத்தட்டல் மிஞ்சுகிறது. டோலக் வாசித்தவரைக் கேட்டவர் யார்? திருமண மாதத்தில் வாய்த்த நாலைந்து நிகழ்ச்சிகளுள் ஒன்றை விட்டுவிட்டு அவர் வந்திருக்கக்கூடும்.

மனமுவந்து கொடுத்தோர் இல்லாமலில்லை. 1944இல் கஸ்தூர்பா நினைவு நிதிக்காக எம்.எஸ். சுப்புலட்சுமி ஐந்து கச்சேரிகள் செய்தார். 1971 ஆகஸ்ட் 1இல் வங்கத்து அகதிகளுக்காக நியூயார்க்கில் நடந்த நிகழ்ச்சியில், ரவிசங்கரின் சிதாருடன் அலி அக்பர் கான் சரோதும் அல்லா ரக்கா தபலாவும் வாசித்தனர், ஊதியம் பெறவில்லை. ஆனால், அங்கே கேட்டவர் யார்? தம் வங்க மக்களின் துயர் பொறாத ரவிசங்கரே நண்பர் ஜார்ஜ் ஹாரிசனை அணுகித் தொடங்கிய காரியம் அது. கலைஞரே வள்ளலாக நின்றார். அவர் கையைப் பிடித்து எவரும் கொடுக்கச் செய்யவில்லை. நுழைவுச்சீட்டில் வந்த சுமார் 2,43,000 டாலர் விரைவிலேயே யுனிசெஃப் நிறுவனத்தைச் சேர்ந்தது. இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் வந்த பெருந்தொகையோ, முன்னேற்பாடு முறையாக இல்லாமையால், வரிப்பிணக்கில் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. வாசித்தவர் தம் பங்கைச் செய்து முடித்துவிட்டனர். கணக்குப் பார்க்கவேண்டிய இடத்திலேதான் கோளாறு நேர்ந்தது. நம் ஊர்களிலும் பாடகரின் தியாகத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு வரவுசெலவைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

குழுவினர் செய்யத்தக்கது எளிது. நிகழ்ச்சி உறுதியாகும் நாளிலேயே கூலியைப் பேசிவிட வேண்டும். பாடகருக்கும் பக்கவாத்தியத்தார் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கையில் கொடுத்துவிட வேண்டும். அதன்பின் அவர்கள் விரும்பினால், விரும்பிய அளவு உண்டியலில் போடட்டும்; எவர் போட்டார், எவர் போடவில்லை என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டாம். அங்ஙனம் செய்தால் நிதி குறைந்துவிடுமே என்று அஞ்சுவோர், விருந்தினருக்கான நெய்ச்சோற்றையும் மேடையில் போர்த்தும் பொன்னாடைகளையும் இவ்வாண்டு ஒருமுறை நிறுத்திப் பார்க்கட்டும். டோலக் வாசிப்பவரின் கூலி அதிலேயே அடங்கிவிடும்.