பெண்பிள்ளைகளின் கலை வகுப்புக்காக ஊவா மக்களிடம் ஒரு வேண்டுகோள்

பதுளை, ஹாலிஎல, பசறை, லுணுகலை, மடுல்சீமை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பகுதிகளில் வாழும் அன்பார்ந்த பெற்றோரே, ஆசிரியர்களே, வர்த்தகப் பெருமக்களே, கோயில் பரிபாலன சபையினரே, பங்கு மக்களே,

கத்தோலிக்கக் கன்னியர் தொடங்கி வளர்த்த பெண்கள் பாடசாலைகளில் படித்தவர்களும், இன்று அதே பாடசாலைகளில் பிள்ளைகளைப் படிக்க வைத்திருப்பவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். கொழுந்து பறிக்கும் தாய்மார், நகரத்தில் கடை வைத்திருப்பவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியைகள் என்று எல்லாரும் எங்களில் இருக்கிறார்கள். பதுளை நகரில் சனிக்கிழமைதோறும் பெண்பிள்ளைகளுக்குப் பரதநாட்டியம், கர்நாடக சங்கீதம், சித்திரம், நாடகம் ஆகியவற்றைக் கட்டணமில்லாமல், முறையாகக் கற்பிக்கும் வகுப்பொன்றைத் தொடங்க வேண்டும். அதற்கு உங்கள் கை வேண்டும்.

அரசாங்கத்தின் பாடத்திட்டப்படி ஆறாம் ஆண்டுக்குப் போகும் பிள்ளை அழகியல் பாடம் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் ஆகிய நான்கில் ஒன்று. ஒன்பதாம் ஆண்டு வரை அது கட்டாயம். சாதாரண தரத்தில் ஆறு கட்டாயப் பாடங்களோடு மூன்று தொகுதிப் பாடங்கள் எடுக்க வேண்டும். அந்த மூன்றில் ஒன்றாக அழகியலை எடுக்கலாம். உயர்தரத்துக்கும் கொண்டு போகலாம். அதற்கு மேல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில், முன்பு இராமநாதன் நுண்கலைக் கழகமாக இருந்த நுண்கலைப் பீடம் இருக்கிறது. மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. பட்டம் முடித்தால் ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பிக்கலாம். தோட்டத்துப் பிள்ளையை லயத்துக் காம்பிராவிலிருந்து பல்கலைக்கழகம் வரை கொண்டு போகக்கூடிய பாதை இது. விஞ்ஞானப் பிரிவுக்கு ஆய்வுகூடமும் ஆசிரியரும் இல்லாத பாடசாலைப் பிள்ளைக்கு, இருக்கிற சில பாதைகளில் இதுவும் ஒன்று.

காகிதத்தில் தெரிவு நான்கு. வகுப்பறையில் பெரும்பாலும் ஒன்றுதான். நடன ஆசிரியை இருந்தால் நடனம், இல்லாவிட்டால் சித்திரம். சித்திரத்துக்கும் பயிற்றப்பட்டவர் இல்லாத இடத்தில், அந்தப் பாடவேளையில் ஓய்வாக இருக்கும் யாராவது வந்து, "ஒரு பூச்சாடி கீறுங்கள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பார். நான்கு வருடமும் பூச்சாடி கீறிய பிள்ளைகள் எங்களிலும் உண்டு. சங்கீதமோ நடனமோ எடுத்த பிள்ளைக்கு வேறு சிக்கல். சாதாரண தரத்தில் அந்தப் பாடங்களுக்குச் செய்முறைப் பரீட்சை இருக்கிறது. தாளம் போட்டுப் பாடிக் காட்ட வேண்டும், அடவு செய்து காட்ட வேண்டும். புத்தகத்தை மனனம் செய்து அதைத் தாண்ட முடியாது. பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பட்டப்படிப்புக்கும் உயர்தர இசட் புள்ளி மட்டும் போதாது. உளச்சார்புப் பரீட்சைக்குப் போய்ப் பாடவோ ஆடவோ வரைந்து காட்டவோ வேண்டும். சின்ன வயதிலிருந்தே குருவிடம் பயின்ற நகரத்துப் பிள்ளையும், கைத்தொலைபேசியில் வீடியோ பார்த்துப் பழகிய தோட்டத்துப் பிள்ளையும் ஒரே மண்டபத்தில் அடுத்தடுத்து நிற்கிறார்கள். முடிவு என்னவாகும் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

தமிழ்த்தினப் போட்டிகளிலும் இதையே காண்கிறோம். கோட்டம், வலயம், மாகாணம் என்று ஏறிப் போகும் அந்தப் போட்டிகளில் எங்கள் பிள்ளைகள் பேச்சிலும் கட்டுரையிலும் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். குழு நடனம் என்று வந்தால்தான் தடுமாறுகிறார்கள். போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது யாரையாவது பிடித்து ஒரு பாட்டுக்கு ஆடப் பழக்கி அனுப்புகிறோம். அந்த நடனம் போட்டியோடு முடிந்துவிடும். அடுத்த வருடம் பழையபடி தட்டடவிலிருந்து.

ஆசிரியர்கள் ஏன் இல்லை? இதில் யாரையும் திட்டுவது நியாயமாகாது. நடனமும் சங்கீதமும் படித்தவர்களில் பெரும் பகுதியினர் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பிறந்து வளர்ந்தவர்கள். இங்கே நியமனம் கிடைத்து வருகிறார்கள். வாடகை அறையில், குளிரில், வீட்டை விட்டு இருந்து கற்பிக்கிறார்கள். கட்டாய சேவைக் காலம் முடிந்ததும் ஊருக்கு மாற்றம் கேட்கிறார்கள். அவர்கள் இடத்தில் நாம் இருந்தாலும் அதைத்தான் செய்வோம். ஆனால் பத்தாம் ஆண்டு நடுவில் ஆசிரியை போய்விட்டால் அந்த வகுப்புப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? பாடத்தை மாற்றுவார்கள், அல்லது ஆசிரியை இல்லாமலே பரீட்சைக்கு உட்காருவார்கள். மேலிடத்துக்கு எத்தனை கடிதம் எழுதினாலும் இது மாறாது என்பது எங்கள் முடிவு. லுணுகலையில் பிறந்த பெண் நடன ஆசிரியையாகி லுணுகலைக்குத் திரும்பி வரும்போதுதான் மாறும். அப்படி ஓர் ஆசிரியை உருவாகப் பத்து, பன்னிரண்டு வருடமாவது எடுக்கும். ஆகவே இன்று ஆறாம் ஆண்டில் இருக்கும் பிள்ளையிடமிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

பதுளையிலேயே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். 2005 இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் முக்கியமாக விஞ்ஞானம், தொழில்நுட்பம், முகாமைத்துவம் போன்ற துறைகளுக்கானது. நுண்கலைக்கு எங்கள் பிள்ளை மலையிறங்கித்தான் போக வேண்டும்.

நகரத்தில் தனியார் வகுப்புக்கு அனுப்பலாமே என்பது இன்னொரு கேள்வி. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 இல் வந்த வர்த்தமானிப்படி 1,350 ரூபாயாக இருந்தது, பிறகு கொஞ்சம் கூடியது. அதுவும் வேலை கொடுக்கப்பட்ட நாளுக்குத்தான், கொழுந்தின் நிறை காட்டினால்தான். அந்தச் சம்பளத்தில் மாதக் கட்டணம், பஸ் காசு, பயிற்சிச் சேலை, சதங்கை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சங்கீதம் படிக்கும் பிள்ளைக்குச் சுருதிப் பெட்டி வேண்டும். வயலின் என்றால் பேச்சே இல்லை. இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கணித வகுப்பா, நடன வகுப்பா என்று வரும்போது தாய் எதைத் தெரிவு செய்வாள் என்பது தெரிந்ததுதான். அவள் செய்வதும் சரிதான்.

இன்னும் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா சூறாவளி எங்கள் மாவட்டத்தில் எத்தனை குடும்பங்களை மண்ணுக்குள் தள்ளியது என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னே 2014 இல் கொஸ்லந்தை மீரியபெத்தை மண்சரிவைப் பார்த்தவர்கள் நாம். கூரை இல்லாத சனத்தின் முன்னால் நின்று நடன வகுப்புக்குக் கேட்கலாமா? எங்களுக்குள்ளேயே இதை வாதாடினோம். உங்கள் கையில் இருப்பது ஒரு தொகை மட்டும்தான், அதைக் கூரைத் தகரத்துக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தால், தயங்காமல் அதற்கே கொடுங்கள். நாங்கள் உங்களிடம் முக்கியமாகக் கேட்பது பணம் அல்ல. பூட்டிக் கிடக்கும் மண்டபம், பெட்டிக்குள் கிடக்கும் மிருதங்கம், ஓய்வு பெற்றவரின் சனிக்கிழமை ஆகியவற்றைத்தான் கேட்கிறோம்.

கத்தோலிக்கப் பாடசாலையில் பரதநாட்டியமா என்று முகம் சுளிப்பவர்கள் இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள். பங்கு மக்கள் சிலர் அது கோயில் நடனம் என்கிறார்கள். இந்துப் பெற்றோர் சிலர் பிள்ளையை மதம் மாற்றிவிடுவார்களோ என்று பயப்படுகிறார்கள். இரண்டு பக்கத்தாருக்கும் காட்ட உதாரணங்கள் உண்டு. திருச்சிராப்பள்ளியில் 1977 இல் எஸ்.எம். ஜோர்ஜ் என்ற கத்தோலிக்கக் குருவானவர் தொடங்கிய கலைக்காவிரி, பரதத்திலும் இசையிலும் பட்டப்படிப்பு நடத்தும் கல்லூரியாக வளர்ந்திருக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? யாழ்ப்பாணத்தில் 1965 இல் மரியசேவியர் அடிகள் தொடங்கிய திருமறைக் கலாமன்றம், தவக்காலத்தில் திருப்பாடுகளை மேடையேற்றியது, நாட்டுக்கூத்தையும் காத்தது, போர்க்காலத்திலும் நிற்கவில்லை. அதன் மேடைகளில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் சேர்ந்துதான் நின்றார்கள். எங்கள் பாடசாலைகளில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளில் அநேகர் இந்துக்கள். இந்த நாட்டில் பிள்ளைக்கு அவரவர் சமயமே கற்பிக்கப்படுகிறது. கலை வகுப்பில் எந்தப் பிள்ளையும் தன் சமயத்துக்கு ஒவ்வாத பாட்டுக்கு ஆட வேண்டியதில்லை. நடனம் வேண்டாம் என்னும் முஸ்லிம் பெற்றோர் பிள்ளையைச் சித்திரத்துக்கு அனுப்பலாம்.

பங்குத் தந்தையரிடம் ஒரு வார்த்தை. 1972 இல் பதுளை மறைமாவட்டம் உருவானபோது, கண்டியின் ஆயராக இருந்த லியோ நாணயக்கார அவர்கள் அந்த வசதியான ஆசனத்தை விட்டு இந்த மலைகளுக்கு வந்தார். தோட்டத்துச் சனத்துக்கு மண்டபத்துக் கதவைத் திறந்து விடுங்கள் என்று கேட்பது அவர் வந்த வழியில் கேட்பதுதான். எங்கள் பாடசாலைகள் முன்னர் திருச்சபையின் கையில் இருந்தன. 1960 இன் சட்டத்துக்குப் பிறகு பெரும்பாலானவை அரசாங்கத்திடம் போயின. அன்று கொன்வென்ட் என்றால் பியானோவும் ஆங்கிலப் பாட்டும். தோட்டப் பிள்ளைகளை அங்கே காண்பது அரிது. இன்று பிள்ளைகள் வந்துவிட்டார்கள், பியானோ பழுதாகிக் கிடக்கிறது. அரசாங்கத்திடம் போன பாடசாலைகளுக்கு ஆசிரியரை நியமிப்பது மாகாண சபையின் பொறுப்பு, தேசிய பாடசாலை என்றால் மத்திய அமைச்சின் பொறுப்பு. அவர்களிடம் கேட்பதையும் நாங்கள் விடப்போவதில்லை.

பரதமும் கர்நாடக சங்கீதமும் மட்டுமா கலை? எங்கள் கூட்டத்தில் அதிக நேரம் ஓடியது இந்தப் பேச்சில்தான். மாசியில் கம்பம் ஊன்றிக் காமன் கூத்து ஆடும் தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் விடிய விடிய நடந்த காலத்தைப் பெரியவர்கள் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் களத்தில் ரதியாக வேஷம் கட்டியது ஆண்தான். பெண்களுக்குக் கிடைத்தது தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும். மேடையேறிப் பாடிய பெண் என்று நாம் நினைத்துப் பார்க்கக்கூடியவர், தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை. 1930களில் தொழிலாளர் கூட்டங்களில் தானே எழுதிய பாட்டுகளைப் பாடினார், அச்சிட்டும் கொடுத்தார். அவருக்குப் பிறகு தோட்டத்துப் பெண்பிள்ளை மேடையில் நின்றது பெரும்பாலும் பாடசாலைக் கலைவிழாவில்தான்.

ஆகவே எங்கள் வகுப்பில் கூத்தும் இருக்கும், தப்பு மேளமும் இருக்கும். பெண்பிள்ளைகளே ரதியாகவும் மதனாகவும் ஆடுவார்கள். தப்பு அடிப்பவர்களைச் சாதி சொல்லி ஒதுக்கிய வழக்கம் இந்த மலையிலும் உண்டு. அதை மறைத்துப் பேசிப் பயனில்லை. தப்புக் கற்பிக்க வரும் பெரியவருக்கு நடன ஆசிரியைக்குக் கொடுக்கும் அதே படியைக் கொடுப்போம், அதே நாற்காலியைப் போடுவோம். இதில் உடன்பாடு இல்லாதவர்களின் நன்கொடை எங்களுக்கு வேண்டாம்.

வேண்டுவது இவைதான். சங்கீதம், நடனம், சித்திரம் படித்து ஓய்வு பெற்றவர்களும், பட்டம் முடித்து நியமனத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகளும் மாதத்தில் இரண்டு சனிக்கிழமையாவது தாருங்கள். வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளுக்குத் தோற்றியவர்கள் கீழ் வகுப்புகளைப் பழக்க உதவலாம். வீட்டில் கிடக்கும் ஆர்மோனியம், வயலின், மிருதங்கம், சதங்கை எதையும் கொடுங்கள், பழுதென்றாலும் திருத்திக்கொள்வோம். புத்தகக் கடைக்காரர்கள் வர்ணமும் தூரிகையும் கொள்விலைக்குத் தந்தால் போதும். பஸ் உரிமையாளர்களே, மடுல்சீமையிலிருந்தும் பசறையிலிருந்தும் வரும் பிள்ளைகள் வகுப்பு முடிந்து பொழுது சாயும் முன் வீடு போய்ச் சேர வேண்டும். சனிக்கிழமை பிற்பகலில் அவர்களை ஏற்றிப் போகச் சாரதிகளுக்குச் சொல்லி வையுங்கள். மழையில் கையசைக்கும் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் பஸ்கள் எங்கள் பாதையில் ஓடுகின்றன.

தோட்ட நிர்வாகங்களிடமும் தொழிற்சங்கங்களிடமும் கேட்பது, பிள்ளைகளைக் கூட்டி வந்து கூட்டிப் போக முறை வைத்து வரும் தாய்மாருக்கு அந்தச் சனிக்கிழமை வேலைநாள் வருகையில் குறை வைக்காதீர்கள் என்பதுதான். தாய் ஒருவர் கூட வராமல் எந்தத் தோட்டத்திலிருந்தும் பிள்ளைகளை வரச் சொல்ல மாட்டோம். வகுப்பு நடக்கும் இடத்தில் எப்போதும் இரண்டு பெண்கள் பொறுப்பாக இருப்பார்கள்.

காசு கேட்டு யாரும் உங்கள் வீட்டு வாசலுக்கு வரமாட்டார்கள். எங்கள் பெயரைச் சொல்லிக் கொண்டு வந்தால் கொடுக்க வேண்டாம். கொடுக்க விரும்புகிறவர்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் கொடுத்துப் பற்றுச்சீட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். வரவு செலவைத் தவணைதோறும் அறிவித்தல் பலகையில் ஒட்டுவோம்.

பெற்றோரே, ஆறாம் ஆண்டிலிருந்து ஒன்பதாம் ஆண்டு வரை படிக்கும் பெண்பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், எந்தப் பாடசாலை, எந்த மதம் என்று பாராமல் அனுப்புங்கள். ஆட்டமும் பாட்டும் சோறு போடுமா என்று பாட்டி கேட்டால், ஆசிரியர் நியமனம் பற்றி மேலே எழுதியதை வாசித்துக் காட்டுங்கள். இந்தத் தவணை முடிவதற்குள் வகுப்பாசிரியையிடம் பிள்ளையின் பெயரைக் கொடுத்துவிடுங்கள். எத்தனை பெயர் சேர்கிறதோ அதைப் பார்த்துத்தான் எத்தனை ஆசிரியர், எந்த மண்டபம் என்று முடிவு செய்ய முடியும்.

இப்படிக்கு,
பழைய மாணவியரும் பெற்றோரும்,
பதுளை.