மீட்டர் யார் பேரில் இருக்கிறது?

செல்போன் கம்பெனியை மாற்றுவதுபோல மின்சாரக் கம்பெனியையும் மாற்றிக்கொள்ளலாம், போட்டி வந்தால் கட்டணம் குறையும். 2022 ஆகஸ்டில் மின்சாரச் சட்டத் திருத்த மசோதா மக்களவைக்கு வந்தபோது நமக்குச் சொல்லப்பட்டது இதுதான். அந்த மசோதா நிறைவேறவில்லை. ஆனால் யோசனை சாகவில்லை.

மும்பைப் புறநகரில் இது நடந்து பார்த்த விஷயம். 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, 2009இலிருந்து அங்குள்ள வீடுகள் ரிலையன்ஸிலிருந்து டாடாவுக்கு மாற முடிந்தது. கம்பி பழைய கம்பெனியுடையது, பில் மட்டும் புதிய கம்பெனியுடையது. பெரிய பில் கட்டும் வீடுகளையே பொறுக்கி எடுக்கிறார்கள் என்ற புகார் எழுந்தது. 2012இல் ஒழுங்குமுறை ஆணையம், மாதம் 300 யூனிட்டுக்குள் பயன்படுத்துவோரை மட்டுமே மாற்றலாம் என்று உத்தரவிட வேண்டி வந்தது. அதிகம் கட்டுவோர் வெளியேறினால், குறைந்த கட்டணத்துக்கான சுமை மிச்சமிருப்போர் தலையில்தானே விழும்?

ஏழைகள் மாறத் தயங்கினால் 'விழிப்புணர்வு இல்லை' என்பார்கள். நாங்கள் தமிழ்நாட்டில் வேலை செய்யும் தெருக்களில் பார்ப்பது வேறு. இங்கே இன்னும் ஒரே ஈ.பி.தான், மாறும் பேச்சே இல்லை. அப்படியிருந்தும் வாடகை வீடுகளில் மீட்டர் வீட்டுக்காரர் பேரில் இருக்கிறது. உள்ளே ஒரு சப்-மீட்டர், யூனிட்டுக்கு அவர் சொன்னதுதான் விலை. அரசு தரும் 100 யூனிட் இலவசம்கூடப் பல இடங்களில் அவரோடு நின்றுவிடுகிறது.

2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, உரிமையாளர் மட்டுமல்ல, குடியிருப்பவர் விண்ணப்பித்தாலும் இணைப்பு தர வேண்டும் என்கிறது. அலுவலகத்தில் போய் நின்றால் கேட்பது வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம். 'என்ன ஆளுங்க?' என்ற கேள்வியைத் தாண்டி, பத்து வீடு ஏறி இறங்கி ஒரு வாடகை வீடு பிடித்த தலித் குடும்பம், மீட்டருக்காக வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போகுமா? அவர்கள் கணக்குத் தெரியாமல் சும்மா இருக்கவில்லை. கணக்குப் போட்டுத்தான் சும்மா இருக்கிறார்கள். வீடு போனால் பிள்ளையின் பள்ளிக்கூடமும் போகும். புறம்போக்கில் குடியிருப்போருக்குக் காட்டக் காகிதமே இல்லை. பழைய பாக்கி உள்ள வீட்டை எந்தக் கம்பெனி வரவேற்கும்?

1943இல், வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வைத்திருந்த அம்பேத்கர், மின்சாரம் அரசிடம் இருக்க வேண்டுமா, தனியாரிடமா என்ற கேள்வியை எழுப்பினார். ஏழைக்கு மலிவாகப் போய்ச் சேருமா என்பதே அதில் உள்ள உரைகல். நாம் இன்றும் அதில்தான் உரசிப் பார்க்க வேண்டும்.

கம்பெனிகளைக் கூட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை உண்டு. குடியிருப்பவர் பேரிலேயே இணைப்பு கொடுங்கள். சப்-மீட்டர் கொள்ளையை நிறுத்துங்கள். பாக்கியைத் தவணையில் கட்ட விடுங்கள். காலனியை ஒதுக்கிவிட்டு நகரை மட்டும் எடுக்க எவரையும் அனுமதிக்காதீர்கள். மீட்டரே கையில் இல்லாதவரிடம் போய் 'எந்தக் கம்பெனி வேண்டும்?' என்று கேட்பது உரிமை தருவதாகாது.