தாயும் சேயும்: ஐப்பசியில் ஓர் அறுவடைப் பாடம்

தலைநகரில் பிறந்து வளரும் நம் குழந்தைகளுக்கு அறுவடை என்பது பொங்கல் வாழ்த்து அட்டையில் காணும் படந்தான். அந்தத் தை மாதத்தில் தில்லியைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்கு அழைத்துச் சென்றாலும் கண்ணிற் படுவது பச்சைக் கோதுமைப் பயிரேயன்றி நெல் அன்று. தஞ்சையில் சம்பா அறுவடை தையில். ஹரியானாவிலும் பஞ்சாபிலுமோ நெல் புரட்டாசி, ஐப்பசியிலேயே களம் சேர்ந்துவிடுகிறது. ஆகவே, பாடம் நடத்தத் தக்க காலம் இதுவே.

நரேலா, நஜஃப்கர் மண்டிகளில் இப்பொழுது நெல் குவிந்திருக்கும். ஒரு கிலோ போதும். நாலைந்து கதிர்களும் கிடைத்தால் நன்று. மருந்து பூசிய விதை நெல் வேண்டா.

கதிரைக் குழந்தையின் கையிலேயே கொடுத்து உருவச் சொல்லுங்கள். எத்தனை மணி என்று அதுவே எண்ணட்டும். நல்ல கதிராயின் நூறு தாண்டும். நூறு வரை எண்ணத் தெரியாத குழந்தை பத்துப் பத்தாகக் குவித்து வைக்கும். பின்னர் ஒரு பிடி நெல்லைச் சிற்றுரலில் மெல்லக் குத்தி, முறத்தில் புடைத்துக் காட்டுங்கள். நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமிதான். நெல், பதர், உமி, தவிடு, அரிசி என்னும் சொற்களைத் தனியே உட்காரவைத்துப் போதிக்க வேண்டா. கை வேலை செய்கையில் வாய் தானே பழகும். இந்திக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் தான், சாவல், பாத் என மூன்று சொற்கள் உண்டு. எல்லாவற்றையும் ‘ரைஸ்’ என்று முடித்துவிடுவது நம் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளியில் கற்ற சிக்கனம்!

இனி, சிறந்த சோதனை. ஒரு கிண்ணத்தில் நெல்லும், மற்றொன்றில் கடையில் வாங்கிய பச்சரிசியும் இரவு முழுதும் ஊறட்டும். மறுநாள் தனித்தனியே ஈரத்துணியில் முடிந்து, அடுக்களை வெதுவெதுப்பில் வையுங்கள். மூன்று நான்கு நாளில் நெல் முளைவிடும். அரிசியில் புளித்த வாடைதான் வரும். ‘இது மட்டும் ஏனம்மா முளைக்கவில்லை?’ என்று குழந்தை கேட்கும். அக்கேள்விக்காகவே இத்தனை பாடும். அரிசியைத் தீட்டும்பொழுது அதன் முளைக்கருவும் தவிட்டோடு போய்விடுகிறது என்பதே விடை. புதிதாய் அறுத்த சில இன நெல் சில வாரம் உறங்குவதுண்டு. முளைக்காவிடில் வெயிலில் உலர்த்திவைத்துப் பிறகு முயலுங்கள்.

மூன்று வயதுக்குட்பட்டவர்கள் நெல்மணியை மூக்கிலும் காதிலும் திணித்துக்கொள்வர், அருகிலேயே இருங்கள். மிஞ்சிய நெல்லை மொட்டைமாடியில் தூவிவிட்டால் பறவைகள் பார்த்துக்கொள்ளும்.