அஞ்சும் நாய்க்கு அயல்நாட்டில் ஒரு வீடு

அயல்நாடுகளிற் குடியேறி வாழும் அன்பர்கள் இப்பகுதிக்கு விடுக்கும் வினாக்கள் பெரும்பாலும் குழந்தைகளின் தமிழ்க் கல்வி, ஊரிலுள்ள நிலபுலம், முதியோரை உடன் அழைத்துச் செல்லும் முறை ஆகியவற்றைச் சார்ந்தனவாகவே இருக்கும். இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு நாய். சிங்கப்பூரில் வாழும் நம் சிற்றன்னையின் மகள் அதைப் பற்றி நான்கு பக்கம் எழுதி, இறுதியில், "அண்ணா, இதைத் திருப்பி ஒப்படைத்துவிடலாமா? நீங்கள் சொல்கிறபடி செய்கிறோம்" என்று கேட்டிருந்தாள். ஏர்பேடு புகைவண்டி நிலையத்தில் பயணச்சீட்டுக் கொடுக்கும் குமாஸ்தாவுக்கும் நாய்க்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் வினவக்கூடும். கூடூருக்கும் ரேணிகுண்டாவுக்கும் இடைப்பட்ட எங்கள் பாதையில் வண்டி இல்லாத நேரத்தில் நடைமேடையை ஆள்வன நாய்களே. அவற்றோடு பழகிய பழக்கம் நமக்குச் சிறிது உண்டு. அறியாதவற்றைத் திருப்பதியில் ஒரு கால்நடை மருத்துவரிடம் கேட்டறிந்தோம்.

செய்தி இதுதான். தங்கையும் அவள் கணவரும் ஒன்பது வயது மகனின் வற்புறுத்தலால் அங்குள்ள காப்பகம் ஒன்றிலிருந்து பழுப்பு நிறப் பெண் நாய் ஒன்றை அழைத்து வந்தனர். வயது மூன்றிருக்கலாம். வந்த நாள் முதல் பதினொரு நாள் அது உணவு மேசையின் அடியை விட்டு அகலவில்லை. விளக்கணைத்த பின்னரே உண்டது. மின்தூக்கியின் கதவு திறந்தால் உடல் நடுங்கிச் சிறுநீர் கழித்தது. பேரனைக் காண வேலூரிலிருந்து சென்றிருந்த மாமியார், "வாலைக்கூட ஆட்டாத நாய்க்கு இவ்வளவு செலவா?" என்று கேட்டுவிட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. எங்களுக்கு அடுத்த ஊராகிய காளத்தியில் கண்ணப்பர் நாய்களோடு வேட்டையாடினார் என்று புராணம் பேசுகிறது. எனினும் நம்மவர் வீடுகளில் நாயின் இடம் என்றும் வாயிற்படிக்கு வெளியேதான்.

சிங்கப்பூரில் இத்தகைய நாய்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை அறிந்தால் அவற்றின் அச்சம் வியப்பளிக்காது. தொழிற்பேட்டைகளிலும், கட்டட வேலை நடக்கும் இடங்களிலும், காடு சார்ந்த பகுதிகளிலும் பிறந்து வளர்பவை அவை. வேலை முடிந்து ஆட்கள் இடம் மாறினால் நாய்கள் அங்கேயே நின்றுவிடும். அவற்றுக்குச் சோறிட்டவர்களுள் நம் தமிழ்த் தொழிலாளர்களும் உண்டென்று தங்கை எழுதியிருக்கிறாள். 2018 நவம்பரில் அந்நாட்டு அரசு, ஏறத்தாழ ஏழாயிரம் தெருநாய்களுள் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டவற்றிற்கு ஐந்தாண்டுகளிற் கருத்தடை செய்வது என்னும் திட்டத்தைத் தொடங்கியது. மக்களுட் பெரும்பாலோர் வாழ்வது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளில். அங்கே வீட்டுக்கு ஒரு நாய். அதுவும் குறிப்பிட்ட சிறு இனங்களே என்பது விதி. கலப்பினத் தெருநாய்க்கு அவ்வீடுகளில் இடம் கிடைத்தது 2012இல் "அடோர்" என்னும் திட்டம் வந்த பின்னரே. அதற்கும் அளவுக் கட்டுப்பாடு, பயிற்சி, நன்னடத்தை உறுதிமொழி எனப் பல நிபந்தனைகள் உள்ளன. இத்தனை வாயில்களைக் கடந்து வந்த நாயைத்தான் திருப்பி அனுப்பலாமா என்று தங்கை கேட்கிறாள்.

இதழ் வெளிவரும் வரை காத்திராமல் நாம் உடனே விடை எழுதினோம். திருப்பக் கூடாது என்று கட்டளையிடவில்லை. மூன்று திங்கள் பொறுத்திரு என்றே எழுதினோம். அதற்குக் காரணம் உண்டு. காப்பகத்துக்கு வருவோர் கம்பியருகே ஓடிவந்து கையை நக்கும் நாயையே தேர்ந்தெடுப்பர். பின்சுவரில் முகத்தைப் புதைத்திருக்கும் நாய் ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கும். ஒருமுறை வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்த நாயென்றால் அடுத்தவர் அதை ஏறெடுத்தும் பாரார்.

அச்சம் நன்றியின்மை அன்று. அமெரிக்க ஆராய்ச்சியாளர்களான ஸ்காட், புல்லர் என்னும் இருவர் பல்லாண்டு நாய்க்குட்டிகளை வளர்த்து ஆராய்ந்து 1965இல் ஒரு நூல் வெளியிட்டனர். பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரை உள்ள பருவமே குட்டி மனிதரோடு உறவு கொள்ளக் கற்கும் பருவம் என்பது அவர்கள் கண்ட முடிவு. அப்பருவத்தில் மனிதரின் கை படாது வளர்ந்த நாய்க்கு மின்விசிறியும், குக்கரின் சீழ்க்கையும், நம் அன்பான அணைப்பும் ஒன்றுபோலவே அச்சந்தருவன. பிற்காலத்தில் அது கற்காது என்பதில்லை, மெல்லக் கற்கும்.

காப்பகத்தார் மேல்நாடுகளில் ஒரு வாய்பாடு சொல்வதுண்டு: மூன்று நாள், மூன்று வாரம், மூன்று திங்கள். முதல் மூன்று நாள் திகைப்பு. மூன்று வாரத்தில் வீட்டின் நடைமுறை விளங்கும். மூன்று திங்களில் இது நம் வீடென்று தோன்றும். இஃது அனுபவக் கணக்கேயன்றி விதியன்று. மிக அஞ்சும் நாய்க்கு ஓராண்டும் ஆகலாம்.

தங்கைக்கு நாம் எழுதியவற்றுள் தலையாயது, நாயைப் பார்க்காதே என்பது. நேருக்கு நேர் உற்று நோக்குவதை அது சண்டைக்கு அழைப்பதாகக் கொள்ளும். எதிரே குனிந்து தலைமேல் கை நீட்டுவதும் அத்தகையதே. பக்கவாட்டில், தரையில் அமர்ந்து நம் வேலையைப் பார்த்திருந்தால் போதும். வருவதானால் அதுவே வரட்டும். தூக்கமின்றிக் கொட்டாவி விடுவதும், உணவின்றி உதட்டை நக்குவதும், கண்ணின் வெண்மை தெரியப் பக்கவாட்டில் நோக்குவதும், "விலகிப் போ" என்று அது பணிவாகச் சொல்லும் மொழி. அதன் பிறகும் நெருங்கினால் உறுமும். உறுமியதற்காக அடித்தால் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். குழந்தையுள்ள வீட்டில் இதை முதலில் கற்பிக்க வேண்டியது குழந்தைக்குத்தான். மேசையடியில் நாய் இருக்கும்போது பையன் அங்கே நுழையலாகாது என்று தடித்த எழுத்தில் எழுதினோம்.

மற்றொன்று, வெளியே அழைத்துச் செல்வது. அஞ்சும் நாய்கள் காணாமற் போவது பெரும்பாலும் முதற் சில வாரங்களில்தான். கழுத்துப்பட்டை ஒன்றை மட்டும் நம்பலாகாது. பின்னால் இழுத்துத் தலையை உருவிக்கொள்ளும். மார்பையும் வயிற்றையும் சுற்றி வரும் வார் ஒன்றும், கழுத்துப்பட்டை ஒன்றுமாக இரண்டு கயிறு வேண்டும். கூட்டம் இல்லாத விடியற்காலையில் மின்தூக்கியைப் பழக்க வேண்டும்: முதல் நாள் கதவருகே ஒரு துண்டு இறைச்சி கொடுத்துத் திரும்பிவிட வேண்டும்; மறுநாள் உள்ளே ஒரு காலடி.

ஆறு வாரத்துக்குப் பின் மறுகடிதம் வந்தது. நாயை முதலில் வசப்படுத்தியவர் மாமியாரே. அவர் அதைப் பொருட்படுத்தாமல், தரையில் பாய் விரித்து நாள்தோறும் கீரை ஆய்ந்துகொண்டும் காய் நறுக்கிக்கொண்டும் இருந்திருக்கிறார். பார்க்கவுமில்லை, அழைக்கவுமில்லை. நாம் நான்கு பக்கத்தில் எழுதியதை அம்மையார் படிக்காமலே செய்திருக்கிறார்! ஒரு நாள் அது வந்து அவருடைய புடைவைத் தலைப்பின்மேல் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டது. மின்தூக்கியில் அயலார் இருந்தால் இன்றும் ஏற மறுக்கிறது. தங்கையின் கணவர் பத்து மாடி படியிறங்குகிறார். பட்டாசு வெடிக்கும் நாளை எண்ணி அனைவரும் கவலையுறுகின்றனர். திருப்பிவிடும் பேச்சு இப்போது இல்லை.

நிற்க. இக்குடும்பம் என்றேனும் ஊர் திரும்பினால் நாயை என்செய்வது? இரண்டாண்டுகளுக்குக் குறையாமல் அயல்நாட்டில் வாழ்ந்து குடிபெயர்ந்து வருவோர் தம் வளர்ப்புப் பிராணிகள் இரண்டு வரை கொண்டுவரலாம். அடையாளச் சில்லு, தடுப்பூசிச் சான்று, சென்னை முதலிய நகரங்களிலுள்ள பிராணித் தொற்றுத்தடைக் காவல் நிலையத்தின் முன் இசைவு ஆகியவை தேவை. சென்னையிலிருந்து புகைவண்டியில் வருவதானால் அது நம் துறை. குளிர்சாதன முதல் வகுப்பில் இருவர் கூப்பே அல்லது நால்வர் அறை முழுவதையும் தமக்கே பெற்றால் நாய் உடன் வரலாம். படுக்கை வகுப்பிலும், இரண்டடுக்கு மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டிகளிலும் இடமில்லை. எஞ்சியது பிரேக் வேனில் உள்ள நாய்ப் பெட்டி. பார்சல் அலுவலகத்தில் நேரத்தோடு சென்று பதிவு செய்து, உணவும் நீரும் உடையவரே கொடுக்க வேண்டும். (கார்டு என்று நாம் அழைத்தவருக்கு 2022 முதல் பெயர் மாறிவிட்டது, பெட்டி மாறவில்லை.) இருட்டும் இரைச்சலும் நிறைந்த அப்பெட்டியில் அஞ்சும் நாயை ஏற்ற வேண்டாம் என்பதே நம் கருத்து. வாடகைக் கார் பிடித்து வருவது நலம்.

இங்குள்ள நாயை அங்கே அழைத்துக்கொள்ள விரும்புவோரும் உளர். வெறிநோய் மிகுந்த நாடுகளின் வரிசையில் இந்தியா இருப்பதால் வழி கடினம். தத்துக்கொடுப்பதற்கென அனுப்பப்படும் நாய்களைக் கனடா 2022 செப்டம்பர் 28 முதல் தடுத்துவிட்டது. அமெரிக்காவுக்கு 2024 ஆகஸ்டு 1 முதல் ஆறு திங்கள் நிறையாத நாய் செல்ல முடியாது. இரத்தச் சோதனை முதலிய நிபந்தனைகளும் உண்டு. இவற்றைப் பார்க்குமிடத்து, தாம் வாழும் ஊரின் காப்பகத்திலுள்ள நாயையே ஏற்பது எளிது.

எங்கள் பக்கத்துச் செய்தியும் ஒன்றுண்டு. 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம், பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், புகைவண்டி நிலையம் ஆகிய இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, காப்பகங்களில் வைக்க வேண்டும். பிடித்த இடத்தில் மீண்டும் விடலாகாது என்று ஆணையிட்டது. 2023ஆம் ஆண்டு விதிகளோ பிடித்த இடத்திலேயே விடச் சொன்னவை. சென்னையில் விமானி சுந்தரம் அவர்கள் நிறுவிய புளூ கிராஸ் சங்கம் வற்புறுத்தி வந்த முறையும் அதுவே. சென்னை மாநகராட்சி நாய்களைக் கொல்வதை விட்டு 1996இல் அம்முறைக்கு வந்தது. வெறிநோய்க்கு ஆளானவரைப் பிழைக்க வைப்பது அரிதினும் அரிது என்பதை அறிந்தோர் நீதிமன்றத்தின் கவலையைப் பழிக்கமாட்டார்கள். கடிபட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்பதை ஈண்டும் சொல்லி வைக்கிறோம். ஆயினும் காப்பகம் சென்ற நாய்களுள் துணிவுள்ளவை எவர் வீட்டுக்கேனும் போகும். மற்றவை?

நம் நிலையத்துக் கரிய பெட்டை நாய் அத்தகையது. எவரையும் தொடவிட்டதில்லை. பாயிண்ட்ஸ்மேன் ஒருவர் ஓய்வு பெறுமுன் அதைத் தம் வீட்டுக்கு அழைத்துச் செல்ல எண்ணி, நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் சோறு வைத்து, வாரத்துக்கு ஓரடியாகத் தாம் நெருங்கி அமர்கிறார். இப்போது இருவருக்கும் இடையே அகலப்பாதைத் தண்டவாளங்களின் இடைவெளியளவு, அதாவது 1,676 மில்லிமீட்டர், எஞ்சியுள்ளது. அவருடைய பணிக்காலத்தில் எஞ்சியிருப்பது நான்கு திங்கள். தங்கையின் மாமியார் செய்ததை அவரிடம் கூறினோம். மறுநாள் கையில் ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு வந்து அமர்ந்தார்.