கேள்விக்கு மட்டும் நேரமில்லையா?

நம்மவர் நடத்தும் இலக்கிய ஆய்வரங்குகளில் எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது. வரவேற்புரைக்கு அரை மணி, வாழ்த்துப்பாவுக்குக் கால் மணி, பொன்னாடைக்கும் புகைப்படத்துக்கும் வேண்டிய மட்டும். சபையிலிருந்து ஒருவர் கையை உயர்த்தினால் மட்டும், "நேரம் போதாமையினால் கேள்விகளைத் தவிர்த்துக்கொள்வோம்" என்கிறார் தலைவர். அதையும் மீறி எழும் கேள்வியைக் கட்டுரையாளர் தமக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொள்கிறார். "நீங்கள் எந்தப் பல்கலைக்கழகம்?" என்பதே பல வேளைகளில் பதிலாகிவிடுகிறது.

பிறரைக் குற்றஞ்சாட்டுமுன் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் சித்திலெப்பையின் 'அசன்பே சரித்திரம்' பற்றி ஓர் அரங்கில் கட்டுரை வாசித்தேன். 1885ஆம் ஆண்டு முதற்பதிப்பின் பக்க எண்களை மளமளவென்று அடுக்கினேன். பின்வரிசையில் இருந்த வயோதிபர் ஒருவர் எழுந்து, "தம்பி, அந்த முதற்பதிப்ப நீங்க கண்ணால கண்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் கண்டதில்லை. மறுபதிப்பைப் படித்துவிட்டுப் பக்க எண்களை வேறொருவரின் கட்டுரையிலிருந்து எடுத்திருந்தேன். "உங்கட வீட்டில இருந்தா கொண்டு வாங்க ஹாஜியார், ரெண்டு பேருமாப் பார்ப்போம்" என்றேன். சபை சிரித்தது, கைதட்டியது. அவர் உட்கார்ந்துவிட்டார். பின்னர் கட்டுரை அச்சேறியபோது அடிக்குறிப்பைத் திருத்தினேன். ஆனால் அன்று சிரித்தவர்களுள் எத்தனை பேர் அந்த அடிக்குறிப்பைப் படித்திருப்பர்?

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு வேறு வழக்கம் இருந்தது. ஒருவர் பாடம் நடத்த, சக பயிலுநர்கள் பின்வாங்கில் அமர்ந்து குறைகளைக் குறித்தெடுத்து, முடிந்ததும் முகத்துக்கு நேரே சொல்வார்கள். கோபம் வரும். மறுநாள் பாடம் திருந்தும். வகுப்பறையில் பிள்ளைகளிடம் "கேள், கேள்" என்று சொல்லும் நாம், மேடை ஏறியதும் அதை மறந்துவிடுகிறோம்.

இதில் ஒரு முரண்பாடும் உண்டு. இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டு 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் ஆய்வுக்கட்டுரை ஒன்றை முன்வைத்தார். அரச சபையிலும் கற்றோர் மத்தியிலும் பெருஞ்செல்வாக்குப் பெற்றிருந்தவர் அவர். அதற்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் எழுதிய மறுப்பு 1907இல் நூலாக வந்தது. அஸீஸ் கூறிய யாவும் இன்று நிலைக்கும் என்பதல்ல என் கருத்து. அவரையும் கேள்வி கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆயினும் ஓர் ஆய்வை ஆய்வாலேயே எதிர்கொண்டார் என்பதற்காக அவரை நாம் மேடைதோறும் போற்றுகிறோம். அதே மேடையின் முன் இன்று ஓர் அஸீஸ் கையை உயர்த்தினால் ஒலிவாங்கியைக் கொடுப்போமா?

கேட்பவரெல்லாம் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறாரா என்று நண்பர்கள் வினவுவர். இல்லைதான். கேள்வி என்ற பெயரில் இரண்டாவது சொற்பொழிவு நிகழ்த்துவோரும் பழைய பகை தீர்ப்போரும் உள்ளனர். அவர்களிடம் "உங்கள் கேள்வி எது?" என்று கேட்கத் தலைவருக்கு உரிமை உண்டு. அவர்களைக் காட்டிச் சபை முழுவதன் வாயையும் அடைக்க உரிமை இல்லை. உள்நோக்கத்தோடு கேட்டாலும், ஆதாரம் எங்கே என்ற கேள்விக்கு ஆதாரத்தைத் தவிர வேறு பதில் கிடையாது.

ஆதாரம் கைவசம் இல்லையெனில் "தெரியாது" என்று சொல்வதில் என்ன இழிவு? இமாம் மாலிக்கிடம் கேட்கப்பட்ட 48 வினாக்களுள் 32க்கு அவர் "எனக்குத் தெரியாது" என்றே விடையளித்ததாக அறிவிக்கப்படுகிறது. அதனால் அவருடைய இமாமத் குறைந்துவிடவில்லை. மூன்று நூல் படித்துக் கட்டுரை வாசிக்கும் நமக்குத்தான் எல்லாம் தெரிந்திருக்கிறது!

ஆகவே விழா எடுப்போரிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த அழைப்பிதழில், ஒவ்வொரு கட்டுரைக்கும் வாசிப்பு இருபது நிமிடம், கேள்வி பத்து நிமிடம் என்று அச்சிடுங்கள். நேரம் போதாவிட்டால் பொன்னாடையைக் குறையுங்கள். கட்டுரையாளர் கேள்வியை முழுமையாகக் கேட்டு, குறித்துக்கொண்டு, தெரிந்ததைச் சொல்லட்டும். தெரியாததைத் தேடி எழுதுவதாக வாக்களிக்கட்டும்.

முதலில் நானே தொடங்குகிறேன். ஹாஜியார், அந்தப் பதிப்பை நான் காணவில்லை.