கைக்காசுக்கு யார் கடன் கொடுப்பாங்க?

நடவு வேலையில ரெண்டு வாரமா இந்தப் பக்கம் வர முடியல. இன்னைக்கு வயல் கதை இல்ல, வீட்டுக் கதை. ஆனா வயலைத் தொட்டுத்தான் முடியும், பொறுமையா படிங்க.

போன ஞாயித்துக்கிழமை பொன்னேரியில மின்சார ரயிலைப் பிடிச்சு திருவொற்றியூர் போனேன். என் தங்கச்சி கல்யாணமாகிப் போன நாள்ல இருந்து அங்கே வாடகை வீடுதான். ரெண்டு ரூம்பு. எண்ணூர்ல சாம்பல், மணலியில புகைன்னு சொல்லிக்கிட்டே இத்தனை வருஷத்தை ஓட்டிட்டா. 2021 பிப்ரவரியில மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்ததுல இருந்து வீட்டுக்காரர் ரெண்டு தடவை வாடகையை ஏத்திட்டாராம். இப்போ 11,000.

மருமகன் எண்ணூர் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஒப்பந்தக் கம்பெனியில வேலை பாக்கறான். சம்பளம் 36,000, பி.எஃப். பிடித்தம் உண்டு. பொண்டாட்டி, ஒரு குழந்தை இருக்கு. பக்கத்துத் தெருவுல பழைய அடுக்குமாடி வீடு ஒண்ணு 30 லட்சத்துக்கு வருதுன்னு என்னைக் கூப்பிட்டிருந்தான். "மாமா, நீங்களே கணக்குப் பாருங்க"ன்னு ஒரு நோட்டை நீட்டினான்.

பாத்தேன். ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சம் வரைக்கும் உள்ள வீட்டுக் கடன்ல வீட்டு மதிப்புல 90 சதவீதம் வரை வங்கி கொடுக்கலாம். அப்படின்னா கையில இருந்து 3 லட்சம் போட்டா போதும்னு தோணும். ஆனா வங்கி பாக்கறது வீட்டை மட்டும் இல்ல, சம்பளத்தையும்தான். 36,000 சம்பளத்துக்கு 20 லட்சம்தான் தாங்கும்னு சொல்லிட்டாங்க. 9 சதவீத வட்டியில 20 வருஷம்னா மாசம் சுமார் 18,000 கட்டணும். அதுவே சம்பளத்துல பாதி. அவங்க சொன்னதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன்.

மீதி 10 லட்சம். அதோட நிக்குதா? பத்திரச் செலவு இருக்கு. நம்ம மாநிலத்துல முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 30 லட்சத்துக்கு 2,70,000 ரூபாய். வீடு 10 லட்சத்துக்கு மேல போயிட்டா, இந்தச் செலவை வீட்டு மதிப்போட சேர்த்துக் கடன் கணக்குப் போடக் கூடாதுன்னு விதியே இருக்கு. பெண்கள் பேர்ல பதிஞ்சா 1 சதவீதம் குறையும்னு 2025 ஏப்ரல்ல கொண்டுவந்த சலுகையும் 10 லட்சம் வரைக்குமான சொத்துக்குத்தான். திருவொற்றியூர்ல 10 லட்சத்துக்கு எந்த வீடு கிடைக்கும்? வக்கீல் பார்வை, மதிப்பீட்டுக் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தம் 13 லட்சம் கைக்காசு வேணும்.

பி.எஃப்.ல 2 லட்சம் எடுக்கலாம். தங்கச்சி நகை 3 லட்சத்துக்குப் போகும். சீட்டுப் பணம் 2 லட்சம். 6 லட்சம் இடிக்குது.

"அரசாங்கத் திட்டம் இருக்காமே?"ன்னு கேட்டேன். இருக்குது. 2024 செப்டம்பர்ல இருந்து நடக்கிற பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டம் 2.0. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 9 லட்சத்துக்குள்ள இருக்கணும், நாட்டுல எங்கேயும் சொந்தமா பக்கா வீடு இருக்கக் கூடாது. வீட்டு விலை 35 லட்சத்துக்குள்ள, கடன் 25 லட்சத்துக்குள்ள இருக்கணும். கடன்ல முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம். அதிகபட்சம் 1,80,000 ரூபாய், அஞ்சு வருஷத் தவணையா கடன் கணக்குல வந்து விழும். நல்ல விஷயம், குறை சொல்லல. தகுதி இருக்கிறவங்க கண்டிப்பா விண்ணப்பிக்கணும்.

ஆனா ஒண்ணு கவனிங்க. இந்தப் பணம் எப்போ வருது? வீடு வாங்கி, கடன் ஓட ஆரம்பிச்ச பிறகு. விதைநெல் வாங்கக் காசு இல்லாதவன்கிட்ட "நீ முதல்ல விதை, பயிர் வளந்ததும் உரத்துக்கு மானியம் தரேன்"னு சொன்னா எப்படி இருக்கும்? 11,000 வாடகையை ஒரு மாசம் தவறாம கட்டுற குடும்பம், கூட 7,000 போட்டுத் தவணையும் கட்டிடும். அவங்க இடறி விழறது முதல் நாள்லதான்.

என்னோட கருத்து இதுதான். அதே 1,80,000 ரூபாயைப் பத்திரம் பதியற அன்னைக்கே வங்கி மூலமா கொடுங்க. ஏமாத்திட்டுப் போயிடுவாங்கன்னு பயமா இருந்தா, அஞ்சு வருஷம் விக்கக் கூடாதுன்னு பத்திரத்துலயே எழுதுங்க. அரசாங்கத்துக்குச் செலவு அதேதான், வாங்கறவனுக்குப் பலன் வேற. நம்ம ஊர்ல இது புதுசும் இல்ல. 1977ல உலக வங்கிப் பணத்துல ஆரம்பிச்ச சென்னை நகர வளர்ச்சித் திட்டத்துல கொடுங்கையூர், வில்லிவாக்கம், அரும்பாக்கத்துல என்ன செஞ்சாங்க? குடிநீர், கழிப்பறை வசதியோட மனையைத் தவணையில கொடுத்து, காசு சேரச் சேர வீட்டைக் கட்டிக்கோன்னு விட்டாங்க. முழு வீட்டு விலையை ஒரே நாள்ல யாரும் கேக்கல.

மருமகனுக்காவது சம்பளச் சீட்டு இருக்கு. ராயபுரம் மீன்பிடித் துறைமுகத்துல மீன் ஏலம் எடுத்து விக்கிற அம்மாவுக்கு எந்தச் சீட்டு இருக்கு? குப்பங்கள்ல பட்டா இல்லாத வீட்டுக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? அவங்க கணக்கு எந்தத் திட்டத்து நோட்டுலயும் ஏறறதே இல்ல.

கைக்காசு இல்லாதவனைத் தேடி வர்றது தனிநபர் கடன். மருமகனுக்கும் ஒருத்தர் யோசனை சொல்லியிருக்கார், 6 லட்சத்தைத் தனிநபர் கடனா எடுத்துப் போடுன்னு. 15 சதவீத வட்டியில அஞ்சு வருஷம்னா மாசம் 14,300 ரூபாய்க்குப் பக்கம் வரும். வீட்டுத் தவணை 18,000த்தையும் சேர்த்தா சம்பளத்துல மிச்சம் 3,700. நாலு பேர் எப்படிச் சாப்பிடறது? போதாததுக்கு அந்தக் கடன் சிபில்ல தெரிஞ்சு வீட்டுக் கடனும் குறையும். படிக்கிற தம்பி தங்கச்சிங்களே, இந்தத் தப்பை மட்டும் பண்ணாதீங்க.

இன்னொண்ணு, பழைய கட்டடம்னா நல்லா விசாரிங்க. 2021 டிசம்பர்ல திருவொற்றியூர் அரிவாக்குளத்துல 24 வீடு இருந்த குடியிருப்பு இடிஞ்சு விழுந்தது ஞாபகம் இருக்கா? விரிசல் சத்தம் கேட்டு எல்லாரும் முன்னாடியே வெளியே வந்ததால உயிர் தப்பிச்சாங்க. வில்லங்கச் சான்று, பிரிக்கப்படாத நிலப் பங்கு, கட்டட அனுமதி, கட்டடத்தோட வயசு, நாலையும் பாக்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

சரி, அந்த 6 லட்சம்? அதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டிருக்காங்க. தங்கச்சி வாயைத் திறந்து கேக்கல. "சாப்பிடுண்ணா"ன்னு வவ்வால் மீன் குழம்பை ஊத்திட்டு உள்ளே போயிட்டா. ரோட்டோரத்துல இருக்கிற நம்ம 12 சென்ட் மேட்டு நிலத்தைத்தான் மனசுல வெச்சிருக்காங்கன்னு புரிஞ்சுது. திரும்பி வரும்போது எனக்குக் கொஞ்சம் கோவம்தான். பட்டணத்துல வீடு வாங்க கிராமத்து நிலம் போகணுமான்னு.

அத்திப்பட்டு தாண்டும்போதுதான் அந்தப் பத்திரம் ஞாபகம் வந்துச்சு. எங்கப்பா சுயமா சம்பாதிச்ச நிலம் அது. உயில் எழுதாம போயிட்டார். 1956ஆம் வருஷச் சட்டப்படியே பொண்ணுக்கும் சரி பங்கு உண்டு. அப்பா போன வருஷம் "அண்ணன் விவசாயம் பண்ணட்டும்"னு சொல்லி, ஒரு ரூபா வாங்காம விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவ அவ. அப்போ நான் பஸ்சுக்குக் காசு கொடுத்து அனுப்பினேன், பெரிய மனுஷன் மாதிரி.

நண்பர்களே, எத்தனை வீட்டுல இந்தக் கதை? கையெழுத்தை வாங்கிட்டு, பின்னாடி அவங்க வந்து நின்னா "உதவி"ன்னு பேர் வைக்கறோம். அது உதவி இல்ல, பாக்கி.

வீட்டுக்கு வந்து என் பொண்டாட்டிகிட்ட சொன்னேன். ராத்திரி பூரா பேசல. காலையில காபியை வெச்சுட்டு, "12 சென்ட்டோட நிறுத்திக்குங்க, கழனியைத் தொடாதீங்க"ன்னா. அதுவும் நியாயம்தான்.

மருமகனுக்குப் போன் பண்ணினேன். "டேய், பணம் வரும். ஆனா மாமா கொடுத்தார்னு யார்கிட்டயும் சொல்லாத. இது உங்கம்மா பணம்"னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்ல.

அடுத்த வாரம் நிலத்தை அளக்க சர்வேயர் வர்றார். உங்க வீட்டுல யாராவது இப்படிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காங்களான்னு பழைய பெட்டியை ஒரு தடவை திறந்து பாருங்க.